பிரியம்வதா நடராஜன்

பிரியம்வதா நடராஜன், கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் வானியற்பியலாளர். விண்மீன் பேரடைகள் எப்படித் தோன்றி வளர்ந்தன, அவற்றின் நடுவிலுள்ள மாபெரும் கருந்துளைகள் எங்கிருந்து வந்தன, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் எங்கெங்கே பரவிக் கிடக்கிறது ஆகிய மூன்றும் இவருடைய ஆய்வுக் களங்கள். கோட்பாட்டு அறிஞரான இவர், தொலைநோக்கிகள் எதைத் தேட வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்துச் சொல்லும் கணிப்புகளுக்காகப் பெயர் பெற்றவர். 2006இல் முன்வைத்த கருத்துக்கு 2023இல் வலுவான சான்று கிடைத்தது இவருடைய ஆய்வு வாழ்க்கையின் தலையாய நிகழ்வு.

பின்புலம்

கோடிக்கணக்கான விண்மீன்களும் வளிமமும் தூசும் கரும்பொருளும் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு கிடக்கும் தொகுதியே பேரடை. கொங்கு நாட்டிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய பேரடைகளும் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் தெருவிளக்கின் வெளிச்சம் எட்டாத ஓர் ஏரிக்கரையில் நின்று, மார்கழி மாதத்து நிலவில்லாத முன்னிரவில் வடக்கே பார்த்தால், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் ஆந்திரமேடா பேரடை மங்கலான புகைத்திட்டாகத் தெரியும். அந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் மையத்தில் 10 கோடி சூரியன்களுக்கும் மேற்பட்ட நிறையுடைய கருந்துளை இருக்கிறது. ஆடி மாத இரவில் தென்வானில் தெரியும் தனுசு ராசியின் திசையில் நம் பால்வழியின் மையம் உள்ளது. அங்கிருக்கும் கருந்துளையின் நிறை சுமார் 40 லட்சம் சூரியன்கள்.

பெரிய பேரடைகள் ஏறக்குறைய அனைத்திலும் இத்தகைய கருந்துளை இருப்பதும், பேரடையின் நடுப்பகுதி எவ்வளவு பெரிதோ அதற்கேற்பக் கருந்துளையும் பெரிதாக இருப்பதும் 1990களின் பிற்பகுதியில் உறுதிப்பட்டன. ஆகவே பேரடையின் வரலாற்றை எழுத வேண்டுமானால் கருந்துளையின் வரலாற்றையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். பிரியம்வதா ஆய்வுலகில் நுழைந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

இளமையும் கல்வியும்

இவர் வளர்ந்தது டெல்லியில். பள்ளி நாள்களிலேயே நேரு கோளரங்கத்தின் அப்போதைய இயக்குநர் நிருபமா ராகவனின் வழிகாட்டலில், டெல்லி வானத்தின் விண்மீன் வரைபடத்தைத் தரும் நிரல் ஒன்றை வீட்டுக் கணினியில் எழுதினார். பின்னர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயற்பியலும் கணிதமும் பயின்றார். அறிவியலின் வரலாற்றையும் மெய்யியலையும் அங்கே கற்றார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வானியற்பியலாளர் மார்ட்டின் ரீஸின் மேற்பார்வையில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். அங்குள்ள டிரினிட்டி கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகத் தேர்வான முதல் பெண் வானியற்பியலாளர் இவரே. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1933இல் உறுப்பினரான அதே கல்லூரி அது. 2000இல் பிரியம்வதா யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கரும்பொருள் ஆய்வு

கரும்பொருள் ஒளியை உமிழ்வதில்லை, உறிஞ்சுவதுமில்லை. ஆனால் அதற்கு நிறை உண்டு, நிறை ஒளியின் பாதையை வளைக்கும். நூற்றுக்கணக்கான பேரடைகள் திரண்ட ஒரு கொத்தின் பின்னால், மிகத் தொலைவில் உள்ள பேரடையின் ஒளி கொத்தைக் கடந்து வரும்போது வளைந்து, நீண்டு, சில வேளை ஒன்றுக்கு மேற்பட்ட பிம்பங்களாகத் தெரியும். ஈர்ப்பு வில்லை எனப்படும் இவ்விளைவை அளந்தால், வழியில் எவ்வளவு நிறை, எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம்.

கொத்து முழுவதற்குமான கரும்பொருளோடு நிற்காமல், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பேரடையையும் சூழ்ந்த சிறு கரும்பொருள் திரள்களையும் தனித்தனியே அளக்கும் முறையை, பிரெஞ்சு வானியலாளர் ஜான்-போல் நீபுடன் சேர்ந்து 1997இல் பிரியம்வதா உருவாக்கினார். ஹபிள் தொலைநோக்கியின் தெளிவான படங்கள் பெருகியபோது இம்முறை மிகவும் பயன்பட்டது. 2020இல் வானியற்பியலாளர் மாசிமோ மெனகெட்டியின் தலைமையில் இவரும் பங்கேற்று, சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒரு முரண்பாட்டை முன்வைத்தது. கொத்துகளிலுள்ள சிறு திரள்கள் ஒளியை வளைக்கும் ஆற்றல், கணினி உருவகங்கள் சொன்னதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. உருவகங்களில் குறையா, கரும்பொருளைப் பற்றிய நம் புரிதலில் குறையா என்ற விவாதம் தொடர்கிறது.

கருந்துளை வித்துகள்

பெருவெடிப்புக்குப் பின் 100 கோடி ஆண்டுகள் நிறைவதற்குள்ளேயே, 100 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளைகள் குவாசர்கள் என்னும் மிகப் பிரகாசமான பேரடை மையங்களாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு குறைந்த காலத்தில் அவை இவ்வளவு பெருத்தது எப்படி என்பது நெடுநாளைய புதிர்.

கருந்துளைக்குள் விழும் வளிமம் சூடேறி ஒளிரும். அந்த ஒளியின் அழுத்தம் மேற்கொண்டு வரும் வளிமத்தைத் தள்ளும். இதனால் வளர்ச்சிக்கு எடிங்டன் எல்லை என்ற வரம்பு உண்டு. அந்த எல்லையில் இடைவிடாது வளர்ந்தாலும் ஒரு கருந்துளையின் நிறை இருமடங்காகச் சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகள் பிடிக்கும். முதல் விண்மீன் ஒன்று மடிந்து உருவான 100 சூரிய நிறைக் கருந்துளை, 4 கோடி சூரிய நிறையை எட்ட 18 தடவைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். அதற்கு 65 கோடி ஆண்டுகள் தேவை.

2006இல் இத்தாலிய வானியற்பியலாளர் ஜுசெப்பே லொடாட்டோவுடன் பிரியம்வதா வேறொரு வழியை விரித்துரைத்தார். தொடக்ககாலத் திரள் ஒன்றின் அருகில் விண்மீன்கள் பிறந்துவிட்டால், அவற்றின் புற ஊதாக் கதிர் அத்திரளிலுள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். மூலக்கூறுகள் இல்லாமல் வளிமம் போதிய அளவு குளிராது. குளிராத வளிமம் துண்டுதுண்டாக உடைந்து விண்மீன்களாவதில்லை. மாறாக வளிமத் தட்டு நிலைகுலைந்து, பெருமளவு பொருள் மையத்தில் குவிந்து, நேரடியாகக் கருந்துளையாகிவிடும். அதன் தொடக்க நிறையே பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் சூரியன்கள் வரை இருக்கலாம். ஒரு லட்சத்தில் தொடங்கினால் 4 கோடியை எட்ட 30 கோடி ஆண்டுகள் போதும். இவை ‘கனத்த வித்துகள்’ எனப்படுகின்றன.

இத்தகைய வித்து ஒரு சிறு பேரடையோடு இணைந்தால், விண்மீன்களின் மொத்த நிறைக்கு நிகரான கருந்துளையைச் சுமக்கும் விசித்திரப் பேரடை உண்டாகும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏவப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2017இல், அத்தகைய பேரடையின் நிறமாலை எப்படி இருக்கும் என்று பிரியம்வதாவும் குழுவினரும் கணித்து வெளியிட்டனர்.

யுஎச்இசட்1

அக்கணிப்போடு பொருந்தும் பேரடை 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. யுஎச்இசட்1 என்னும் இது, 350 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஏபெல் 2744 கொத்தின் பின்னே, 1,320 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயதே ஆகியிருந்த காலத்தின் ஒளி அது. கொத்தின் ஈர்ப்பு வில்லை அந்த ஒளியைச் சுமார் நான்கு மடங்கு பெருக்கிக் காட்டியது. வெப் தொலைநோக்கி பேரடையைக் கண்டது. சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி இரு வாரங்களுக்கும் மேல் உற்றுநோக்கி, கருந்துளையை நோக்கிப் பாயும் வெப்ப வளிமத்தின் எக்ஸ்-கதிரைப் பதிவு செய்தது. கருந்துளையின் நிறை 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள் வரை என மதிப்பிடப்பட்டது. அந்தப் பேரடையின் விண்மீன்கள் அனைத்தையும் சேர்த்தால் வரும் நிறையும் ஏறக்குறைய அவ்வளவே. இன்றைய அண்மைப் பேரடைகளில் கருந்துளையின் நிறை, விண்மீன்களின் நிறையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

வானியற்பியலாளர் ஆகோஸ் போக்தான் தலைமையிலான இக்கண்டுபிடிப்புக் குழுவில் பிரியம்வதாவும் இடம்பெற்றார். எக்ஸ்-கதிர்ச் சான்றைத் தந்த சந்திரா தொலைநோக்கி, விண்மீன்கள் தம் எடையால் நிலைகுலைவதை ஆராய்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

நூலும் பரிசுகளும்

பிரபஞ்சத்தைப் பற்றிய புரட்சிகரமான கருத்துகள் எதிர்ப்பைத் தாண்டி ஏற்கப்பட்ட கதையைப் பொதுவாசகருக்காகச் சொல்லும் ‘மேப்பிங் த ஹெவன்ஸ்’ என்னும் நூலை 2016இல் எழுதினார். 2010இல் குகன்ஹைம் நல்கை பெற்றார். 2024இல் டைம் இதழின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் இடம்பெற்றார். 2025ஆம் ஆண்டுக்கான டேனி ஹைன்மன் வானியற்பியல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

மதிப்பீடு

எல்லாக் கருந்துளைகளும் கனத்த வித்துகளிலிருந்து வந்தவை என்று பிரியம்வதா சொல்லவில்லை. சிறு வித்துகள் எடிங்டன் எல்லையை மீறி அவ்வப்போது வேகமாக வளர்ந்திருக்கலாம் என்ற மாற்றுக் கருத்தும் ஆய்வில் உள்ளது. ஆயினும் பேரடையும் கருந்துளையும் ஒன்றையொன்று வளர்த்த வரலாற்றில் கனத்த வித்துகளை ஊகம் என்ற நிலையிலிருந்து தொலைநோக்கியால் சோதிக்கத்தக்க கருத்தாக உயர்த்தியதில் இவருடைய பங்கு பெரிது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்த லிசா விண்கலத் திட்டம், தொடக்ககாலக் கருந்துளைகள் இணையும்போது எழும் ஈர்ப்பு அலைகளைப் பதிவு செய்து, இக்கருத்தை மீண்டும் சோதிக்க உள்ளது.