தோட்டத்துக் குடும்பத்தின் வரவும் செலவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கித் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய வறண்ட பகுதிகளிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயால் அழிந்தபின் அவற்றின் இடத்தில் எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள், மலையில் முதற் கூலி வாங்குவதற்கு முன்பே கடனாளிகளாயிருந்தன. ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்து, தோட்டத்தில் அவர்களை மேய்த்து, தோட்டத்துரைக்கும் அவர்களுக்கும் இடையே நின்றவர் கங்காணி. ஊர்க்கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், மாற்றுத்துணிக்கும் அவர் கொடுத்த முன்பணம் குடும்பத்தின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. அக்கணக்கு கங்காணியிடமே இருந்தது. எழுத்தறியாத குடும்பத்துக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

இக்கடனே கைமாற்றத்தக்க பண்டமாகவும் ஆயிற்று. இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டைப் பெற்ற கங்காணி வேறொரு தோட்டத்தில் அதைவிடக் கூடுதலான முன்பணம் வாங்கிப் பழைய கடனைத் தீர்த்துவிட்டு ஆட்களுடன் இடம்பெயர்வதும், ஒவ்வொரு பெயர்விலும் குடும்பத்தின் தலைமீது கடன் ஏறுவதும் வழக்கமாயின. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரே, கடனைப் பிரித்து வைத்துவிட்டு, ஒரு குடும்பம் மலையில் உயிர்வாழ உண்மையில் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி தெளிவாக எழ முடிந்தது.

அக்கேள்வியை வலுவாக எழுப்பியது இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். அதன்கீழ் இலங்கையில் அமர்த்தப்பட்ட இந்திய அரசின் ஏஜெண்டு தொழிலாளரின் கூலியையும் வாழ்க்கை நிலையையும் கண்காணிக்கலானார். குடும்பச் செலவுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து குறைந்தபட்சக் கூலியைக் கணிக்கும் முறை உருவாயிற்று. செலவுகளில் முதலிடம் அரிசிக்கு. தோட்டமே அரிசியை அளந்து கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதால், கூலி எத்தனை சதம் என்பதைவிட அரிசி என்ன விலைக்குக் கணக்கிடப்படுகிறது என்பதே கைக்கு வரும் காசைத் தீர்மானித்தது. அதற்கு அடுத்து மிளகாய், மல்லி, பருப்பு, உப்பு, கருவாடு ஆகிய சரக்குச் சாமான்கள், மண்ணெண்ணெய், வெற்றிலை பாக்கு, துணி. கம்பளியைத் தனியே குறிப்பிட வேண்டும். சமவெளியில் தேவைப்படாத அந்தக் கறுப்புக் கம்பளி, மழையிலும் பனியிலும் கொழுந்து பறிக்கும் பெண் தலைமேல் போர்த்திக்கொண்டு நிற்பதற்கு இன்றியமையாததாயிற்று. அதன் விலையும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. குடியிருக்கும் லயத்து (வரிசை வீட்டு) அறைக்கு வாடகை இல்லை என்பது உண்மையே. ஆயினும் வேலை போனால் வீடும் போகும் என்பதால், அச்சலுகையை வரவுப் பக்கத்தில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

1927-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929-இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மலைநாட்டின் உயர்ந்த பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தாழ்ந்த பகுதியில் முறையே 50, 40, 30. அரிசியின் விலைக்கும் உச்சவரம்பு வைக்கப்பட்டது. மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் கணவன் மனைவி இருவரின் 97 சதமும் சேர்ந்து 24 ரூபாய் 25 சதமாகும். ஆனால் ‘பேர்’ என்று வழங்கிய அன்றாட வேலைப்பதிவு, குறித்த அளவு கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ ஆயிற்று. நோயிலும் பிள்ளைப்பேற்றிலும் பேரே இல்லை. நாள்தோறும் இருவரும் உழைப்பார்கள், பத்து வயதைத் தாண்டிய பிள்ளையும் சம்பாதிக்கும் என்ற எதிர்பார்ப்பின்மேல் நின்ற கணக்கில், ஊரிலிருக்கும் தாய் தந்தையருக்கு அனுப்பும் பணத்துக்கும், சீர், சாவு, திருவிழா ஆகியவற்றுக்கும் போதிய இடமிருக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பியது மீண்டும் கடன்தான். அரசு தலையிட்டு ஒரு கூலியை வரையறுத்தது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் உழைப்பவரை உயிரோடு வைத்திருக்கும் செலவையே அது பெரிதும் அளந்தது, ஒரு குடும்பம் தலைநிமிரும் செலவை அளக்கவில்லை.

உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது அந்த விகிதங்களும் 1930-களின் தொடக்கத்தில் குறைக்கப்பட்டன. 1939 ஆகஸ்டில் இந்தியா உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. 1941-ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டத்துக்குப் பிறகு, அடிப்படைக் கூலியுடன் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணைப் பொறுத்து ஏறி இறங்கும் படியும் சேர்ந்தது. கொழுந்துக் கூடையின் பெரும்பங்கைச் சுமந்த பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்கூலி 1984-இல்தான் கிடைத்தது.