வளப்பூர் நாட்டு மிளகு பிரசவ அறைக்குப் போகும் வழி

கொல்லிமலையில் ‘நாடு’ என்று அழைக்கப்படும் ஊர்த்தொகுதிகள் பதினான்கு. அவற்றில் வளப்பூர் நாட்டை வெளியூர்க்காரர்கள் அறப்பளீஸ்வரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் வைத்தே அறிவார்கள். தை பிறந்துவிட்டால் அங்கே பார்க்க வேண்டியது வேறொன்று. வீட்டு வாசலில், பாறைமேல், தார்ப்பாயில் என்று திரும்பின பக்கமெல்லாம் மிளகு காயும். அதில் ஒரு பங்கு, சில மாதம் கழித்து, சமவெளியில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் யாரோ ஒரு பெண்ணின் ரசத்தில் போய்ச் சேரும். அது அங்கே போய்ச் சேருவதற்குள் எத்தனை கைகள் மாறுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொடி ஏறி நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக் மரத்தில். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். காப்பித் தோட்டத்துக்கு நிழல் தர நட்டது, மிளகுக்கும் தோள் கொடுக்கிறது. தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது கொடி பூக்கும். காய் முற்ற ஏழெட்டு மாதம் ஆகும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் பறிக்கிற பக்குவம். கிளையில்லாத நெட்டை மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். கீழே நின்று பார்த்தாலே நமக்குக் கால் கூசும்.

பறித்த சரங்களைக் குவித்துக் காலால் மிதித்து மணிகளை உதிர்ப்பார்கள். சிலர் உதிர்த்த மணிகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரம் காயும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் கிட்டத்தட்ட முப்பத்து மூன்று கிலோதான் மிஞ்சும். மலையில் மூடுபனி விழுகிற நாளில் அள்ளி உள்ளே வைத்து, வெயில் வந்ததும் மறுபடி பரப்ப வேண்டும். ஈரம் தங்கினால் பூசணம் பிடித்துவிடும். வியாபாரி வந்தால் லிட்டர் படியில் அளந்து எடை போடுவார். லிட்டருக்கு 550 கிராம் நின்றால் நல்ல மிளகு. குறைந்தால் உள்ளே சண்டு, அதாவது உள்ளீடில்லாத மணி, இருக்கிறது என்று விலையைக் குறைப்பார்.

அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் காரவள்ளி, பிறகு நாமக்கல், ராசிபுரம் கடைவீதிகள். இது வழக்கமான சரக்குப் போக்குவரத்துதான். நாட்டு மருந்துக் கடைக்குள் போன பிறகுதான் மிளகுக்கு வேறு வேலை வருகிறது.

எங்கள் கொங்குப் பக்கம், பிள்ளை பெத்தவளுக்குச் ‘செலவு’ வேண்டும் என்று சொன்னால் போதும். கடைக்காரர் தானாகவே சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக நிறுத்துக் கட்டிக் கொடுப்பார். பக்கத்து ஈரோட்டு விரலி மஞ்சளும் அந்தப் பொட்டலத்தில் சேரும். வீட்டில் இளஞ்சூட்டில் தனித்தனியாக வறுக்க வேண்டும். மிளகு வெடித்துத் துள்ளும் வரை சட்டியைவிட்டு நகரக் கூடாது. கருகினால் ரசம் கசக்கும். வறுத்ததைப் பூண்டோடு அம்மியில் அரைத்து, நல்லெண்ணெயில் தாளித்துக் கொதிக்கவிட்டால் செலவு ரசம். சில நாள் போனதும் அதே அரைப்பில் நாட்டுக்கோழி வேகும்.

இந்தச் சமையலில் மிளகாய் கிடையாது. காரம் முழுவதும் மிளகும் சுக்கும் திப்பிலியும் தருவது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் நம் அடுப்படிக்கு வந்தது. ஐந்நூறு ஆண்டுகளில் அது எல்லாக் குழம்பையும் பிடித்துக்கொண்டுவிட்டது. பிரசவப் பத்தியமும் திவசச் சமையலும்தான் அதற்குக் கதவைத் திறக்கவில்லை. பிறப்புக்கும் இறப்புக்கும் சமைக்கும்போது மட்டும் நம் பாட்டிமார்கள் மிளகாய்க்கு முந்தைய தமிழ்ச் சமையலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். நம் பழைய சமையல் எப்படி இருந்தது என்று அறிய ஆசைப்படுபவர்கள் பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு வாய் ரசம் வாங்கிக் குடிக்கலாம்.

மஞ்சளையும் மிளகையும் சேர்த்து அரைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் பெரும்பாலும் உடம்பில் சேராமல் கழிந்துவிடும். மிளகின் பைப்பரினோடு கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அளவு இருபது மடங்கு கூடியதை 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. அது பிள்ளை பெற்ற பெண்களிடம் செய்த ஆய்வு அல்ல. நம் அம்மிக்கல் செய்த சேர்க்கைக்கு ஒரு காரணம் உண்டு என்பதற்கு மட்டும் அது போதும்.

பத்தியம் முழுவதையும் நான் தாங்கிப் பிடிக்கமாட்டேன். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தம்ளரைப் பிடுங்குவதும், கீரை, பழம், பருப்பை விலக்கி ரசத்துச் சோறோடு நிறுத்துவதும் கொடுமை. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. செலவு ரசம் அவளுக்குப் பசியைக் கிளப்பட்டும். அந்தப் பசிக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும். 2015-இல் தமிழக அரசு தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் பதினாறு பொருள்களில் தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. பாட்டி கைமருந்து அரசு மருத்துவமனைக் கட்டில்வரை வந்தது எனக்கு மகிழ்ச்சியே.

இதே மிளகு கடல் தாண்டியும் தாய்மாருக்கு ஊழியம் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த கொடி தென்கிழக்கு ஆசியாவுக்குப் போய், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வியட்நாமின் ஹா தியென், ஃபூ குவோக் பக்கம் பெரிதாகப் பரவியது. அங்கேயும் பிள்ளை பெற்றவள் ஒரு மாதமாவது வீட்டோடு இருப்பாள். கட்டிலுக்கு அடியில் கரி நெருப்பு வைத்துச் சூடு கொடுப்பது பழைய வழக்கம். மிளகை அள்ளிப் போட்டு, உப்பு தூக்கலாக, சுண்டச் சமைத்த பன்றி இறைச்சியைச் சோற்றோடு கொடுப்பார்கள். மஞ்சளும் உண்டு. பால் சுரக்கப் பன்றிக்கால் சாற்றில் பப்பாளிக்காய். இறைச்சி வேறாக இருக்கலாம். தாயின் உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது என்ற கவலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

ஆனால் சந்தையில் அந்த உறவு கசக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மிளகு ஏற்றுமதியில் வியட்நாம்தான் முதலிடம். அந்த மலிவான மிளகு இலங்கை வழியாகவும் இங்கே வந்து குவிந்து விலையைச் சாய்த்தபோது, 2017 டிசம்பரில் இந்திய அரசு மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாயை நிர்ணயித்தது. வளப்பூர் நாட்டில் ஏணி ஏறுகிறவருக்கு எங்கோ நிர்ணயமாகும் சந்தை விலைதான் கூலி. கொடிக்கு வாடல் நோய் வந்தால் அதுவும் இல்லை.

அதனால் செலவு வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மிளகை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதையும் சண்டும் மிதக்கும். மலை ஏற முடிந்தவர்கள் அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் சோளக்காடு சந்தைக்கோ வளப்பூர் நாட்டுக்கோ போய், காயவைத்தவர் கையிலேயே பணத்தைக் கொடுத்து வாங்கலாம். ஒரு பிரசவத்துக்குக் கால் கிலோவே தாராளம்.