உட்காராத ரசிகர்கள்

பையனோ பெண்ணோ எம்.எஸ். படிக்க அமெரிக்கா போயிருக்கும் நம்மவர் வீடுகளில் அங்கிருந்து வந்த டீ-ஷர்ட் ஒன்று கட்டாயம் இருக்கும். அப்பா அதைப் போட்டுக்கொண்டு காலையில் பால் பாக்கெட் வாங்கப் போவார். மார்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, பால்காரருக்கும் தெரியாது. அரக்குச் சிவப்பு நிறத்தில், நடுவில் பெரிய 'டி', அதன் இரண்டு பக்கமும் சின்னதாக 'ஏ', 'எம்' என்று இருந்தால் அது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். என் அக்கா பையன் அங்கேதான் இன்ஜினியரிங் மேல்படிப்பு படித்தான். அவன் அனுப்பிய சட்டையின் புண்ணியத்தில்தான் நான் இந்தக் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கல்லூரி அணிக்கு ரசிகராக இருப்பது என்றால் நமக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாது. நாங்கள் பி.காம். படித்த காலத்தில் இன்டர்-காலேஜியேட் மேட்ச் என்றால் வகுப்புக்கு மட்டம் போட ஒரு காரணம். மைதானத்தில் நூறு பேர் இருந்தால் அதிகம். அமெரிக்காவில் கதையே வேறு. ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டு மைதானத்தை 2015-ல் புதுப்பித்து முடித்தபோது இருக்கைகள் 1,02,733. நம் ஈடன் கார்டனை விடப் பெரியது. அந்த காலேஜ் ஸ்டேஷன் ஊரின் மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பில் சுமார் 1,20,000தான்! மேட்ச் நாளில் ஊர் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். ஆட்டம் அமெரிக்க ஃபுட்பால். பேர்தான் ஃபுட்பால், பெரும்பாலும் கையால்தான் ஆடுவார்கள். அதை விளக்க ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது, விட்டுவிடுவோம்.

கல்லூரி 1876-ல் திறக்கப்பட்டது. விவசாயமும் இயந்திரக் கலையும் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி. 'அக்ரி' என்பதிலிருந்து மாணவர்களுக்கு 'அக்கீஸ்' என்று பெயர் வந்தது. பட்டிக்காட்டான் என்கிற கேலியும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1963 வரை அடிப்படையில் ஆண்கள் கல்லூரி. பல பத்தாண்டுகளுக்கு ராணுவப் பயிற்சியும் கட்டாயம். பக்கத்தில் பெரிய நகரம் எதுவும் கிடையாது. காக்கி உடுப்புப் போட்டுக்கொண்டு, பொட்டல் வெளியில் பையன்கள் பையன்களோடே இருந்தார்கள். மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் இருந்த டெக்சாஸ் பல்கலைக்கழகமோ பணக்காரப் பிள்ளைகள், வக்கீல்கள், அரசியல்வாதிகள் படிக்கும் இடம். இந்த இரண்டு கல்லூரிகளும் 1894-ல் முதன்முதலாக மோதின. அப்புறம் நன்றி நவிலும் நாளை ஒட்டி நவம்பர் கடைசியில் வருஷா வருஷம் நடக்கும் போராட்டமாகவே அது ஆகிவிட்டது.

குறும்புக்கும் குறைவில்லை. 1915-ல் ஏ அண்ட் எம் 13-0 என்று ஜெயித்தது. ஆஸ்டின்காரர்களின் சின்னம் நீளக் கொம்பு வைத்த ஒரு காளை, பேவோ என்று பெயர். 1917-ல் அக்கீஸ் சிலர் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் அந்தக் காளையின் விலாவில் 13-0 என்று சூடு போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். 1920-ல் அந்தக் காளையை அறுத்து விருந்து வைத்து, சூடு போட்டவர்களின் கல்லூரியையும் அழைத்தார்கள் ஆஸ்டின்காரர்கள். சம்பந்தி சண்டை தோற்றது போங்கள் :-)

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். 1922 ஜனவரி 2, டல்லாஸ் நகரம். எதிரே சென்டர் கல்லூரி. சின்னக் கல்லூரிதான், ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஹார்வர்டையே தோற்கடித்திருந்தார்கள். ஆட்டத்தில் ஏ அண்ட் எம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியே வர, மாற்று ஆட்கள் தீர்ந்துவிடுவார்களோ என்று கோச் டானா பைபிளுக்குப் பயம். ஈ. கிங் கில் என்ற இரண்டாம் வருஷ மாணவர் மேலே பத்திரிகையாளர்களோடு உட்கார்ந்து, ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் முன்புவரை ஃபுட்பால் அணியில் இருந்து, பாஸ்கெட்பாலுக்காக விலகியவர். கோச் கூப்பிட்டனுப்பினார். கில் இறங்கி வந்து, அடிபட்ட ஒருவரின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டருகே நின்றார்.

நின்றார், அவ்வளவுதான். அவரை ஆட்டத்தில் இறக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. கில் பிற்பாடு டாக்டரானார். களத்தில் பதினொரு பேர், கூப்பிட்டால் வரத் தயாராக நின்ற இவர் பன்னிரண்டாவது ஆள். மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு பந்தையும் தொடாதவனுக்குச் சிலை வைத்த ஊர் வேறு எது இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

இதனால்தான் அந்த மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காருவதில்லை. மூன்றரை மணி நேரம், டெக்சாஸ் வெயிலில். "மாமா, கால் வலிக்குதுன்னு உக்காந்தா பின்னாடி இருக்கிறவன் முதுகுல தட்டுவான்" என்றான் அக்கா பையன். அவனுக்கு விதிகளே சரியாகப் புரியவில்லையாம், ஆனாலும் நின்றிருக்கிறான். ஆட்டத்துக்கு முந்தின நடுராத்திரி ஆயிரக்கணக்கில் கூடி கோஷங்களை ஒத்திகை வேறு பார்க்கிறார்கள், 1930-களிலிருந்து. 1983-ல் கோச் ஜாக்கி ஷெரில் இதை நிஜமாகவே செய்து பார்த்தார். சாதாரண மாணவர்களிலிருந்து ஆள் எடுத்து ஒரு குழுவை அமைத்து, ஆட்டத்தின் முதல் உதைக்குக் களத்தில் இறக்கினார். 1990-ல் பல்கலைக்கழகம் 'பன்னிரண்டாவது ஆள்' என்ற சொல்லை டிரேட்மார்க் பதிவே செய்துவிட்டது. 2006-ல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணிமேல் அதற்காக வழக்கும் போட்டது. அந்த வருஷமே சமாதானம் ஆனது. பக்தியை டிரேட்மார்க் செய்வது எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஆனால் நாய் விஷயம் ரசித்தது. ரெவெலி என்று ஒரு பெண் நாய், 1931-லிருந்து வழிவழியாக இவர்களின் சின்னம். செத்த நாய்களை மைதான வாசலில் ஸ்கோர்போர்டு தெரிகிற மாதிரி புதைப்பார்கள். மைதானத்தை விரிவாக்கியபோது சுவர் மறைத்துவிட்டது. உடனே நாய்கள் பார்ப்பதற்கென்று வெளியே தனியாக ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்தார்கள். சிரிக்கலாம்தான். நம்மூரில் முன்னோருக்குப் படையல் வைத்துவிட்டு, காக்கா வந்து எடுத்ததா என்று பார்ப்பவர்கள் நாம். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

இதே பக்திதான் 1999-ல் பன்னிரண்டு உயிர்களை எடுத்தது.

பான்ஃபயர். நம்ம ஊர் கார்த்திகைச் சொக்கப்பனையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி நடுவே கம்பம் நட்டு, சுற்றி அடுக்கி, கொளுத்துவது. ஆஸ்டினோடு ஆட்டம் வருவதற்கு முன் அக்கீஸ் பெரிய தீ மூட்டுவார்கள், எதிரியை எரித்துவிடுகிற ஆசை என்று சொல்லிக்கொண்டு. இது 1909 வாக்கில் பழைய பெட்டி, குப்பை கூளங்களைக் குவித்துக் கொளுத்துவதாக ஆரம்பித்தது. 1940-களில் முழுக்க வெட்டிய மரங்களாக மாறியது. 1969-ல் உயரம் 109 அடி! அதற்கப்புறம் நிர்வாகம் 55 அடி என்று வரம்பு வைத்தது. 1963-ல் மட்டும் கென்னடி கொலையானதால், கட்டிய அடுக்கை மாணவர்களே பிரித்துவிட்டார்கள்.

பல வாரங்கள் வேலை நடக்கும். மாணவர்களே காட்டுக்குப் போய்க் கோடரியால் மரம் வெட்டுவார்கள், தோளில் சுமப்பார்கள், ராத்திரி முழுக்க ஷிப்டு போட்டு அடுக்குவார்கள். கல்யாண கேக் மாதிரி ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டு. சிவப்பு ஹெல்மெட் போட்ட சீனியர்கள்தான் மேஸ்திரிகள். உச்சியில் ஆரஞ்சு நிறக் கழிப்பறை ஒன்றைக் கட்டி வைப்பார்கள். எதிரியின் நிறம் அது. நடுக்கம்பம் நடுராத்திரி தாண்டியும் விழாமல் எரிந்தால் ஜெயிப்போம் என்று ஐதீகம்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2:42 மணி. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மேலும் கீழும் வேலை செய்துகொண்டிருந்தபோது, சுமார் 5,000 மரங்களாலான 59 அடி அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள். 11 பேர் மாணவர்கள், ஒருவர் படித்து முடித்தவர். 27 பேருக்குக் காயம். இயந்திரத்தை வைத்து இழுத்தால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள்மேல் மிச்சமும் சரியும் என்பதால் நிறைய மரங்களைக் கையால்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஃபுட்பால் அணி பயிற்சியை விட்டுவிட்டு வந்து மரம் தூக்கியது. மீட்பு வேலை 24 மணி நேரத்துக்கும் மேல் நடந்தது.

லியோ லின்பெக் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2000 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மரம் அடுக்குகிற கணக்கு எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் படிக்கத் தெரியும். இரண்டாம் தட்டு மரங்களை முதல் தட்டின் இடுக்கில் ஆப்பு மாதிரி அடித்து இறக்கியதில் உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது. அதைத் தாங்கும்படி வெளியே கட்டு இல்லை. முந்தைய வருஷங்களில் கீழ்த்தட்டைச் சுற்றிப் போட்ட எஃகு வடம் அந்த வருஷம் போடப்படவில்லை. இது பௌதிகக் காரணம். அடுத்த பாகம்தான் என்னை உலுக்கியது. அந்தக் கட்டுமானத்துக்கு முறையான பொறியியல் வடிவமைப்பே இல்லை! நாட்டிலேயே பெயர் பெற்ற இன்ஜினியரிங் கல்லூரி வளாகத்தில், நாலைந்து மாடி உயரத்துக்கு, மனிதர்கள் ஏறி நிற்கிற ஒரு கட்டுமானம். சீனியர் ஜூனியருக்கு வாய்வழி சொல்லித் தந்ததுதான் ப்ளூபிரின்ட். சொல்லச் சொல்ல ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மாறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 55 அடி வரம்பு ஏட்டில் இருந்தது, அடுக்கு 59 அடி நின்றது. 1994-ல் மழையில் தரை இளகி அடுக்கு சாய்ந்தபோது இதையெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்காமல் அவசரமாகத் திரும்பக் கட்டினார்கள். எல்லோரும் பாராட்டினார்கள்.

வங்கியில் இந்த மாதிரி நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லாக்கர் சாவிக்கு ரிஜிஸ்டர் எங்கே என்றால், "இருபது வருஷமா இப்படித்தான் சார்" என்று பதில் வரும். இருபது வருஷமாகத் திருட்டு நடக்கவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிலில் வேறு எதுவும் கிடையாது. பெரியவர்கள் பான்ஃபயரை மாணவர் விவகாரம் என்று தள்ளி நின்றார்கள். பையன்கள் அதைத் தங்கள் பொறுப்பு என்று சுமந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தூக்கத்தை விட்டு நின்ற பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். தள்ளி நின்ற பெரியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். வழக்குகள் பல வருஷம் இழுத்தன.

விபத்து நடந்து எட்டாம் நாள், நவம்பர் 26, ஆட்டத்தை நடத்தினார்கள். ஆஸ்டின் மாணவர்கள் தங்கள் ஆட்டத்துக்கு முந்தைய கொண்டாட்டத்தை ரத்து செய்து, இறந்தவர்களுக்காகக் கூடியிருந்தார்கள். காளைக்குச் சூடு போட்ட பரம்பரைக்காக! இடைவேளையில் எதிரியின் பேண்டு வாத்தியக் குழு இறுதி அஞ்சலி இசையை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றது. அப்போது ஏ அண்ட் எம் 6-16 என்று பின்தங்கியிருந்தது. கடைசியில் 20-16 என்று ஜெயித்தது. கடைசி நிமிடத்தில் தவறிய பந்தைப் பிடித்த வீரர் வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி நிற்கும் படம் பிரபலம். அந்த ஜெயிப்பால் ஏதோ ஈடு ஆகிவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. பன்னிரண்டு வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு அப்படி எழுத வரவில்லை.

2004 நவம்பர் 18 அன்று நினைவிடம் திறந்தார்கள். வட்டமாகப் பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி. ஊரை விட்டு வெளியே வந்து கிடக்கிற நமக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஏப்ரல் 21-ந் தேதி அக்கீஸ் உலகத்தில் எங்கிருந்தாலும் கூடி, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரை அட்டெண்டன்ஸ் மாதிரி வாசிப்பார்கள். அவருக்குப் பதிலாக நண்பரோ உறவினரோ "இருக்கிறேன்" என்று குரல் கொடுப்பார். கில் நின்றதும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

ஏ அண்ட் எம் 2012-ல் வேறு லீகுக்குப் போனதால் ஆஸ்டினோடு ஆட்டமே நின்றது. 2024 நவம்பர் 30-ல் கைல் ஃபீல்டில் மறுபடி மோதினார்கள். ஆஸ்டின் 17-7 என்று ஜெயித்தது. அதற்கு முன் அந்த ஜூன் மாதம், பான்ஃபயரை வளாகத்துக்குத் திரும்பக் கொண்டுவரலாமா என்று யோசித்த பல்கலைக்கழகத் தலைவர் மார்க் வெல்ஷ், வேண்டாம் என்று முடிவு சொன்னார். ஆனால் தீ அணையவில்லை. விபத்துக்குச் சில வருஷங்களுக்குள்ளேயே, பல்கலைக்கழகத்தின் அனுமதியோ பணமோ இல்லாமல், ஊருக்கு வெளியே மாணவர்கள் திரும்ப அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மரத்தின்மேல் மரம் நிறுத்துவதில்லை. எல்லா மரமும் தரையைத் தொட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது அவர்களே எழுதி வைத்துக்கொண்ட விதி.