நகரும் நீரும்: சீகிரியா உணர்த்தும் உண்மை

மாத்தளை மாவட்டத்தின் வடபால், காடும் வயலும் சூழ்ந்த சமவெளியிலே, ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்திற்குச் செங்குத்தாக எழுந்து நிற்பது சீகிரியாக் குன்று. அதன் ஓவியங்களைக் காண வருவோர் பலர். குன்றின் அடியில் ஒரு தலைநகர் திட்டமிட்டு அமைக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணுவோர் சிலரே. ஒரு நகரம் எதனால் நிலைபெறுகின்றது என்னும் வினாவிற்கு அந்நகரின் வரலாறு தெளிவானதொரு விடை தருகின்றது.

கி. பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்திலிருந்து ஆண்ட தாதுசேனன் கலாவாவியைக் கட்டியவன். அவனைச் சிறைப்படுத்தி, மறைத்து வைத்த செல்வத்தைக் காட்டுமாறு மகன் காசியப்பன் வற்புறுத்தியபோது, மன்னன் அவ்வாவிக்குச் சென்று நீரைக் கையில் அள்ளி, தன் செல்வம் முழுவதும் அதுவே எனக் காட்டினான் என்று சூளவம்சம் கூறும். தந்தையைக் கொன்று 477இல் அரசேறிய காசியப்பன், தம்பி முகலனுக்கு அஞ்சிச் சீகிரியாவைத் தன் அரணாக்கினான். அவன் அங்கே குபேரனைப் போல வாழ்ந்தான் என்றும் அந்நூல் உரைக்கின்றது.

அந்நகரை அமைத்தோரின் திறமை வியத்தற்குரியது. சீகிரியா உலர்வலயத்தைச் சேர்ந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மழை மிகுதியாகப் பெய்யும். பின்னர் நெடுங்கோடை தொடரும். ஆகவே பெய்த நீரைத் தேக்குவதே அங்கு நகரமைப்பின் முதற் கடமையாயிற்று. குன்றின் உச்சியிற் பாறையைக் குடைந்து தடாகம் அமைத்தனர். அடிவாரத்தில் அகழிகளும் பெருங்குளமும் விளங்கின. மேற்புறப் பூங்காவில், நிலத்தடி வாய்க்கால் வழியே வரும் நீர் தன் அழுத்தத்தினாலேயே சுண்ணக்கல் தட்டுக்களின் துளைகளூடாகத் தாரையாக எழுந்தது. பதினைந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் மழைக்காலத்தில் அத்தாரைகள் எழுவதைக் காணலாம்.

ஆயினும் அது தலைநகராக இருந்தது 18 ஆண்டுகளே. இந்தியாவிலிருந்து படையுடன் மீண்ட முகலன் 495இல் வெற்றி பெற்று, சீகிரியாவைப் பிக்குகளுக்கு அளித்துவிட்டு அனுராதபுரத்தையே மீண்டும் தலைநகராக்கினான். சீகிரியா நீரின்றி அழியவில்லை. அரசன் ஒருவனது அச்சத்தினாலும் ஆசையினாலும் எழுந்த நகர், அவனோடு தன் பயனையும் இழந்தது. காலப்போக்கில் பூங்காவின் தடாகங்களை மண் மூடிற்று. 20ஆம் நூற்றாண்டின் அகழ்வுகளே அவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்தன.

அனுராதபுரத்தின் நிலை வேறு. கலாவாவியின் நீரை ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான யோத எல என்னும் கால்வாய் அந்நகரின் திசவாவிக்குக் கொண்டு சேர்த்தது. கால்வாய் செல்லும் வழியெங்கும் வயல்களும் ஊர்க்குளங்களும் பயன் பெற்றன. நகருக்கு நீர் வந்த வழியே ஊருக்குச் சோறும் விளைந்தமையால், அதனைப் பேணுவதில் இரு சாராருக்கும் நலன் இருந்தது. அனுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராய் விளங்கியமைக்கு இப்பிணைப்பும் ஒரு காரணம் எனலாம்.

பேணும் முறை குலைந்தால் விளைவது யாது என்பதைப் பிற்கால வரலாறு காட்டும். குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தோடு பிணைந்திருந்தன. ஆங்கில ஆட்சியினர் 1832இல் அதனை ஒழித்தனர். மக்களை வருத்திய கட்டாயம் நீங்கியது நன்றே. ஆயின் அதன் இடத்தில் வேறோர் ஒழுங்கு அமைக்கப்படாமையால் குளங்கள் பல சீர்கெட்டன. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நீர்ப்பங்கீடு பற்றிய பழைய ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது. கட்டாயமின்றிக் கடமையை நிலைநிறுத்துவது எவ்வாறு என்பதே அன்று எழுந்த சிக்கல். இன்றும் அது முற்றாகத் தீரவில்லை.

இக்காலத்துப் பெருநகரங்களும் இதற்கு விலக்கல்ல. 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019இல் ஏரிகள் வற்றிக் குடிநீருக்குத் தவித்தது. ஏரியும் சதுப்பு நிலமும் கட்டடங்களுக்கு இடமானபோது, மழையை ஏற்கும் வாயும் கோடைக்கு உதவும் களஞ்சியமும் ஒருங்கே குறைந்தன. பொறியியல் அறிவு இல்லாமையால் நேர்ந்த இடர் அன்று இது. நீர்நிலையை யாருடைய பொறுப்பாகக் கொள்வது என்பதை மறந்தமையால் நேர்ந்தது.

உலர்வலயத்துக் குளத்தொடர் முறைமையை உலக வேளாண்மை மரபுகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் ஏற்றது. சிற்றூர் உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்த அறிவிற்குக் கிடைத்த மதிப்பு அது. சீகிரியாவின் நீர்த்தாரைகள் கட்டியவர் திறமைக்குச் சான்று. வயலுக்கு நீர் பாய்ச்சும் கலாவாவியோ பேணியவர் பொறுமைக்குச் சான்று. தந்தை கையில் அள்ளிக் காட்டிய செல்வத்தின் பெருமையை மகன் உணரவில்லை. அதனை உணர்ந்து காக்கும் நகரங்களே நிலைபெறும்.