ஏரியைச் சுத்தம் செய்யும்போது கரையோரக் கோரையை வெட்டலாமா?

ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால், யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சுதான் முதலில் கிளம்பும். பல நேரங்களில் காரணம் வேறு. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். அதைத் தடுக்க உதவும் கோரையையும் நாணலையும் ‘புதர்’ என்று சொல்லி ஏற்கெனவே ஜேசிபி வைத்து வழித்து எடுத்திருப்பார்கள்.

கோரை அங்கே என்ன செய்கிறது?

மழைத் தண்ணீர் ஏரிக்குள் சும்மா வருவதில்லை. வயலில் போட்ட உரம், தெருச் சாக்கடை, மண் என எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். கரையோரம் கோரை, சம்பு, நாணல் அடர்ந்திருந்தால் அங்கேயே வேகம் குறைந்து வண்டல் படிந்துவிடும். தழைச்சத்து, மணிச்சத்தில் ஒரு பங்கை அந்தச் செடிகளும் வேரில் வாழும் நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்ளும். செடி இல்லையென்றால்? அத்தனையும் பாசிக்குத் தீனி. பச்சை பெயின்ட் ஊற்றியதுபோல் பாசி பெருகும். பிறகு செத்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் காலியாகும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

எந்தப் பக்கம் முக்கியம்?

நம்மூர் ஏரிகளில் மதகு இருக்கும் கரைப்பக்கம் ஆழம். எதிர்ப்பக்கம், அதாவது வரத்துக்கால்வாய் வந்து சேரும் இடம், ஆழம் குறைவு. வடிகட்டும் வேலை பெரும்பாலும் நடப்பது அங்கேதான். கோடையில் காய்ந்து காலி மனை மாதிரி தெரிவதால் ஆக்கிரமிப்பாளர்களின் கண் முதலில் விழுவதும் அங்கேதான்.

மதகுக் கரையின் கதை வேறு. மண் கரையில் வளர்ந்த பெரிய மரம் பட்டுப்போனால், வேர் மக்கிய வழியில் தண்ணீர் கசிந்து கரையே பலவீனமாகலாம். அங்கே அரிப்பைத் தடுக்கப் புல் போதும்.

கொசு வருமே?

நியாயமான கேள்வி. ஆனால் கொசுப்புழுவைத் தின்னும் மீன்குஞ்சுகளும், தண்ணீரில் வளரும் தட்டான் இளம்பூச்சிகளும் ஒளிந்து வளர்வது இந்தச் செடிகளுக்குள்தான். விரால் மீன் கூடு கட்டி முட்டையிடுவதும் இங்கேதான். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், கோரைக்கு நடுவே நீலத் தாழைக்கோழி உலவுவதைச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். கான்கிரீட் நடைபாதையும் கல் பதித்த சரிவும் போட்டோவுக்கு அழகுதான். தாழைக்கோழி அதில் கூடு கட்டாது.

அப்படியென்றால் எதையுமே எடுக்கக் கூடாதா?

ஊதாப் பூ பூக்கும் ஆகாயத்தாமரையைத் தாராளமாக எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். அது தண்ணீரை மூடி வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது. சீமைக்கருவேலமும் அப்படியே. கோரை, சம்பு ஏரி முழுக்கப் பரவினால் அதுவும் சிக்கல்தான். அப்போது வேரோடு பிடுங்காமல், ஒரே நாளில் மொத்தத்தையும் வழிக்காமல், பகுதி பகுதியாக அறுக்க வேண்டும். அறுத்ததைத் தண்ணீரிலேயே போட்டால் அது உறிஞ்சிய சத்து மறுபடியும் ஏரிக்கே போய்விடும். கரையேற்றி வெளியே கொண்டுபோனால் சத்தும் சேர்ந்து வெளியேறும். பாய் நெய்யக் கோரை அறுத்துச் சுமந்து போனவர்கள் செய்துவந்ததும் இதைத்தான்.