சுருட்டு முதிர்வித்தல்

சுருட்டு முதிர்வித்தல் என்பது சுற்றி முடிக்கப்பட்ட சுருட்டுகளைச் சுவை மென்மையடையும் பொருட்டு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ சேமித்து வைக்கும் முறை ஆகும். காட்டம் மிகுந்த உயர்வகைச் சுருட்டுகளே இதற்குப் பெரிதும் தெரிவு செய்யப்படுகின்றன. கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணப் புகையிலை இவ்வகைச் சுருட்டுகளுக்குப் பெயர்பெற்றது.

காட்டத்தின் காரணம்

காட்டமான சுருட்டுகளில் லிகெரோ எனப்படும் இலை மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. செடியின் மேற்பகுதியில் வளரும் இவ்விலை கூடுதல் வெயிலைப் பெறுவதால் தடித்தும் நிக்கோட்டின் மிகுந்தும் காணப்படும். மெதுவாக எரிவதால் இது சுருட்டின் நடுவில் வைக்கப்படுகிறது.

சேமிப்பு

சுருட்டுகள் ஹியூமிடர் எனப்படும் மரப்பெட்டியில், 65 முதல் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் 16 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் வைக்கப்படுகின்றன. நொதித்தலின்போது உண்டான அமோனியாவின் எச்சம் மெல்ல வெளியேற, நெடி குறைகிறது. ஈரம் மிகுந்தால் பூஞ்சை படரும். வெப்பம் மிகுந்தால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, புழுக்கள் இலையைத் துளைக்கும். அளவுக்கு மீறிய காலம் வைத்திருந்தால் மணமும் மங்கிவிடும்.

சுவைத்தல்

புகை நுரையீரலுக்குள் இழுக்கப்படாமல் வாயில் சிறிது நேரம் நிறுத்தி வெளிவிடப்படுகிறது. அதன் சுவை மிளகு, காப்பி, கொக்கோ, பதனிட்ட தோல் முதலியவற்றுடன் ஒப்பிடப்படுகிறது.

உடல்நலம்

முதிர்வித்தல் சுவையை மென்மையாக்குமேயன்றித் தீங்கை நீக்குவதில்லை. புகையை உள்ளிழுக்காவிடினும் நிக்கோட்டின் வாயின் உட்சவ்வு வழியாக உடலில் சேர்கிறது. சுருட்டுப் புகை வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும்.