அமிலக் குறைப்பு மருந்துகள்

இரைப்பை அமிலத்தின் அளவையோ கடுமையையோ குறைப்பவை. மெடிக்கல்களில் சீட்டு இல்லாமலே 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கப்படுபவை பெரும்பாலும் இவையே. ஜெலுசில், டைஜீன் போன்றவை சுரந்துவிட்ட அமிலத்தைச் சமன்படுத்தும். உடனே கேட்கும், நெடுநேரம் நிற்காது.

சுரப்பையே குறைத்த முதல் வெற்றி மருந்து, ஜேம்ஸ் பிளாக் குழுவினரின் சிமெடிடின். 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அதே வகையைச் சேர்ந்த ரானிடிடின், ரான்டாக், அசிலாக் என்ற பெயர்களில் தமிழ்நாட்டு வீடுகளில் நிலைத்தது. 2019-இல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு கண்டறியப்பட்டது. புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள் அது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா ரானிடிடினைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. இந்தியா 2022 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இன்று செல்வாக்கு ஒமிப்ரசோல், பான்டோபிரசோலுக்கு. அமிலத்தை வெளியேற்றும் புரோட்டான் பம்பையே இவை முடக்குகின்றன. உணவு வந்ததும் பம்புகள் விழிக்கும் என்பதால், காலை டிபனுக்கு அரை மணி முன்பே விழுங்க வேண்டும். இட்லியோடு சேர்த்துப் போடுவது பாதி வீண். மாதக்கணக்கில் உண்டு திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் பெருகிச் சுரக்கலாம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மக்னீசியம் குறையலாம்.